முதல் டோக்கன் பிள்ளையாருக்கு

உக்காருங்க சார், சும்மா உக்காருங்க. சீட்டு காலிதான். முன்னால லேடீஸ் சீட்ல பச்சைச் சேலை கட்டி ஒருத்தி இருக்காள்லா, அவ உங்களப் பாத்து மண்டைகிட்ட கையை இப்படிச் சுத்திக் காட்டினா. நானும் பாத்தேன். என் வீட்டுக்காரிதான், தங்கபுஷ்பம். ‘அவருக்கு இங்க சரியில்ல, பாத்து உக்காருங்க’ன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம். நான் கடிக்கவும் மாட்டேன், பஸ்ஸ விட்டுக் குதிக்கவும் மாட்டேன். வாந்தி மட்டும் வரும், அதனாலதான் ஜன்னல் ஓரம்.

திருநெல்வேலிக்குப் போறோம். ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு டாக்டரு. என்ன டாக்டருன்னா... சரி, சொன்னா என்ன இப்ப? மண்டை டாக்டரு. எனக்கு ஒரு சீக்கும் கிடையாது சார். நல்லாத் திங்கேன், நல்லாத் தூங்குதேன். இருக்குறத இருக்குதுன்னு சொன்னேன், அது ஒண்ணுதான் நான் செஞ்ச தப்பு. அதுக்குத்தான் இந்த டவுன் பயணம், முன்னூத்திப் பத்தாம் நம்பர் டோக்கனு.

யார்கிட்டயாவது சொல்லணும் சார். ஊர்ல வாயத் திறக்க முடியாது. திறந்தா ஒரு பொம்பளப் பிள்ளை கல்யாணம் நின்னு போயிரும். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. நீங்க யாரோ, நான் யாரோ. பேட்டை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

எம்பேரு சொள்ளமுத்து. சைக்கிள் கடை. இப்ப சைக்கிள எங்க பாக்கிய, பஞ்சர் கடைன்னு வச்சுக்கிடுங்க. கடைக்கு ஒட்டுனாப்ல ரேசன் கடை. எப்ப பருப்பு வரும், எப்ப பாமாயில் வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. வந்தா அரை நாள்ல தீந்துரும். அதனால எங்க ஊர்ல வரிசைக்குக் கல்லு வைக்கிறது வழக்கம். உங்க ஊர்லயும் உண்டும்லா? முந்தின நாள் சாயங்காலமே போயி நம்ம இடத்துல ஒரு கல்லு, ஒரு பை, ஓட்டை வாளி, என்னமாவது வச்சிட்டு வந்துர வேண்டியது. காலையில சேல்ஸ்மேன் வந்து கல்லைக் கல்லா எண்ணி டோக்கன் போடுவாரு. நாம இட்லி தின்னுட்டு ஒம்பது மணிக்கு மேல போனாப் போதும்.

இதுக்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு சார். பை வச்சா உள்ள கனம் இருக்கணும், காத்துல பறந்தா இடம் போச்சு. ஜோடிச் செருப்பு செல்லாது, எவனாவது மாட்டிட்டுப் போயிருவான். ஒத்தச் செருப்பு செல்லும். அரைச் செங்கல் செல்லுமா செல்லாதான்னு ஒரு மாசம் பஞ்சாயத்து நடந்து, கடைசியில செல்லும்னு தீர்ப்பு. எல்லாம் ஒழுங்கா நடந்துக்கிட்டிருந்துது. சண்டை உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாம் ஞாயமான சண்டை.

கோட்டித்தனம், அதான் பைத்தியக்காரத்தனம், பண்ணுனது ஒரே ஒரு ஆளு. ஆவுடையப்பன் அண்ணாச்சி. சர்வே டிபார்ட்மெண்ட்ல முப்பது வருசம் சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவரு. எங்களுக்கு அடுத்த வீடு, ரேசன் கடைக்கு எதுத்தாப்ல. பொஞ்சாதி தவறிப் போச்சு. ஒரே மக, செண்பகம்னு பேரு, மருந்துக் கடையில வேலை பாக்கு. நல்ல மனுசன்தான். ஆனா எது எங்க இருக்கோ அத அங்க இருக்குன்னு சொல்லாட்டா அவருக்குச் சோறு எறங்காது. ஊருக்குள்ள இப்படி ஒரு ஆளு இருந்தா எம்புட்டு இம்சை தெரியுமா?

அவரு கல்லு வைக்க மாட்டாரு. காலையில ஆறு மணிக்கே குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, ரேசன் கடை வாசல்ல வந்து நிப்பாரு. எங்க நிப்பாருங்கிய? கல்லுக்கெல்லாம் முன்னால! நாங்க சாவகாசமா வந்து பாத்தா, பின்னால முப்பத்தோரு கல்லு, முன்னால இவரு ஒருத்தரு. “அண்ணாச்சி, வரிசையில வாங்க”ன்னோம். “வரிசையில நான் ஒருத்தன்தானவே நிக்கேன். வேற யாரு நிக்கா?”ன்னாரு. “இந்தா, முப்பத்தோரு பேரு இருக்கோம்லா”ன்னு கல்லைக் காட்டினோம். அவரு குனிஞ்சு, முதல்ல இருந்த கல்லைப் பாத்து, அது என் கல்லு சார், “ஐயா, தாங்கள் எத்தன மணிக்கு வந்திய?”ன்னு கேக்காரு. கல்லுகிட்ட! கல்லுகிட்டப் பேசுதவனுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு வச்ச பேருதான், கோட்டி ஆவுடையப்பன்.

சேல்ஸ்மேன் தங்கமான பையன். அவனே, “சார், எல்லாரும் அமைதியா வரிசையில இருக்காவ, நீங்க ஒருத்தர்தான் சத்தம் போடுதிய”ன்னான். நெசந்தான? கல்லு ஒண்ணும் சத்தம் போடலியே. பெரிய மனுசனாச்சேன்னு முப்பத்திரெண்டாவது டோக்கன் குடுத்தோம். வாங்க மாட்டேன்னு போயிட்டாரு. மேலிடத்துக்கு மனு போட்டாரு. நாலு மாசம் கழிச்சுப் பதில் வந்துது, ‘தங்கள் மனு வரிசைப்படி பரிசீலிக்கப்படும்’னு. அத எங்க கடையில வந்து வாசிச்சுக் காட்டிட்டு அவரே சிரிச்சாரு. மனு போட்டவன் அந்தப் பதிலப் பாத்துச் சிரிப்பானா சார்?

என்ன புஷ்பம்? ஒண்ணும் இல்ல, சும்மா பேசிக்கிட்டு வாரேன்! நீ முன்னாலயே பாத்து உக்காரு!

நாலு நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பிப் பாக்கா. கிடக்கா, விடுங்க.

என் கல்லு எதுன்னு சொல்லணும்லா. எங்க வீட்டுப் பின்னால குளிக்கிற ரூம்புத் தண்ணி வெளிய போற ஓட்டை ஒண்ணு உண்டு. அது வழியா பெருச்சாளி உள்ள வரும். அந்த ஓட்டையை அடச்சுக் கிடந்த கல்லு அது. நல்ல உருண்டை. கீழ மட்டும் தொப்பை கணக்கா கொஞ்சம் தள்ளி இருக்கும், அதனால உருளாது, வச்ச இடத்துல உக்காரும். சரக்கு வர்ற வாரம் மட்டும் எடுத்துட்டுப் போயி வரிசையில வைப்பேன். புஷ்பம் கிடந்து கத்துவா, “பருப்புக்குப் போறேன்னு பெருச்சாளிய வீட்டுக்குள்ள விடுதியளே”ன்னு.

மூணு வருசத்துக்கு முந்தி, சித்திரை மாசம். எவனோ என் கல்லை முதல் இடத்துல இருந்து தூக்கி ஏழாவது இடத்துல வச்சிட்டான். கேட்டா, “உங்க கல்லுன்னு என்ன அடையாளம்?”ங்கான். வந்துது பாருங்க எனக்கு ஆத்திரம். மறுவாரம் புஷ்பத்தோட குங்குமச் சிமிழை எடுத்துட்டுப் போயி, தண்ணியில குழச்சு, கல்லு மேல பளிச்சுன்னு ஒரு பொட்டு வச்சேன். அடையாளத்துக்கு சார். அடையாளத்துக்கு மட்டுந்தான். கடையில பெயிண்டு தீந்து போச்சு. ஒரு கால் லிட்டர் பெயிண்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் இந்த பஸ்ல வந்திருக்க மாட்டேன்.

அன்னைக்கே தூத்துக்குடியில இருந்து போன் வந்துது, மச்சினன் தவறிட்டான்னு. அழுதுக்கிட்டே கிளம்பிப் போயிட்டோம். ஆறு நாள் அங்க. இங்க பாத்தா அந்த வாரம் சரக்கு லாரி வரல. மத்தவன் எல்லாம் கல்லைத் தூக்கிட்டுப் போயிட்டான். என் கல்லு மட்டும் பொட்டு வச்சுக்கிட்டு ரோட்டோரம் ஒத்தையில ஆறு நாள் உக்காந்திருந்திருக்கு.

திரும்பி வந்து, பஸ்ஸ விட்டு எறங்குன வேகத்துல கல்லை எடுக்கத்தான் போனேன். பெருச்சாளி ஆறு நாளா வீட்டை என்ன பாடு படுத்திருக்கோன்னு கவலை. போயிப் பாத்தா கல்லுக்கு அருகம்புல் மாலை. முன்னால விளக்கு. ரெண்டு வாழைப்பழம், அதுல ஊதுபத்தி குத்தியிருக்கு. நான் குனியுதேன், பின்னால இருந்து ஒரு பொம்பள, “ஏ சொள்ளமுத்தண்ணே! செருப்புக் காலோட சாமிகிட்டப் போறிய, வெளங்குமா?”ன்னு ஒரு சத்தம். சார், நான் செருப்பைக் கழட்டிட்டேன். ‘ஏ புள்ள, அது என் கல்லு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். கால் தன்னால செருப்பை விடுது, கை தன்னால கும்பிடுது. கும்பிட்ட பிறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் கல்லுன்னு சொல்லுதது?

வரிசையில முதல்ல இருக்கதால பிள்ளையாருன்னு முடிவாயிட்டு. வரிசைப் பிள்ளையார். முதல் டோக்கன் அவருக்குத்தான். சேல்ஸ்மேன் ஒண்ணாம் நம்பர் எழுதி அவரு காலடியில வச்சிட்டுத்தான் கடை பூட்டையே திறப்பான். அந்த மாசம் என் கல்லு முதல் இடத்துல இருக்கு, நான் எங்க இருக்கேன்? எனக்குன்னு வைக்க வேற கல்லு இல்லாம முப்பத்திநாலாவது ஆளா நின்னு, பாமாயில் கிடைக்காம வீட்டுக்கு வந்தேன்.

புஷ்பத்துகிட்ட மெதுவா, “அது நம்ம கல்லுடி”ன்னேன். அவளுக்குத் தெரியாதா என்ன? தினமும் அது மேல காலை வச்சுத் துணி துவைச்சவ. கையை முந்தானையில தொடச்சா. பிறவு கன்னத்துல போட்டுக்கிட்டா. “சாமி நம்ம வீட்லயே இருந்திருக்கு, நமக்குத்தான் கண்ணு தெரியல. பெருச்சாளி ஏன் அந்த ஓட்டையவே சுத்திச் சுத்தி வந்துதுன்னு இப்பல்லா புரியுது. அது அவரு வாகனம்லா!”ன்னா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொட்டை நான் வைக்கல, அவராத்தான் என் கையால வச்சுக்கிட்டாருன்னு அன்னைக்கு நம்பினேன்.

பக்கத்துக் கடைங்கிறதால என்னையே பூஜை பண்ணச் சொன்னாவ. தகரக் கொட்டகை போட்டோம். புது வண்டி எடுத்தவன் எல்லாம் அங்க வந்து எலுமிச்சம்பழம் நசுக்குவான், அப்படியே என் கடையில காத்தும் அடிச்சுக்கிடுவான். ரோட்ல போறவன் வாரவன், “சாமி, சொள்ளமுத்து சாமி”ங்கான். பஞ்சர் ஒட்டுதவன யாரு சார் சாமிங்கா? நானும் வேட்டியக் காவியா மாத்திக்கிட்டேன்.

ஒரே ஒரு ஆளுதான் ஒத்துக்கிடல. தினமும் காலையில பேப்பர் வாங்கப் போறப்ப கொட்டகை முன்னால நின்னு, “வேய் சொள்ளமுத்து, பெருச்சாளித் தொந்தரவு எப்படி இருக்கு?”ம்பாரு. ஒரு நாள் கூட விட்டதில்ல. மழையில குடை பிடிச்சுக்கிட்டு வந்து கேட்டுட்டுப் போனாரு. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம், நான் தீபாராதனை காட்டுதேன், “இது சர்வே கல்லும் இல்ல, மைல் கல்லும் இல்ல, சொள்ளமுத்து வீட்டு ஓட்டைக் கல்லு. நான் எம் மாடியில இருந்து தினமும் பாத்திருக்கேன்”னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு. கூட்டத்துல நூறு பேரு. நூறு பேரும் அவரப் பாவமாப் பாத்தாவ. “பொஞ்சாதி போனதுல இருந்தே மனுசனுக்கு இப்படித்தான்”னு ஒருத்தி அழுதே போட்டா.

எனக்குக் கோவம். அவரு சொல்லுதது பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு வந்தது நெசமான கோவம்.

இப்ப நான் செஞ்ச பாவத்தைச் சொல்லுதேன். செண்பகத்துக்கு மாப்பிள்ளை பாத்தாவ. மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஊருக்குள்ள வந்தா முதல்ல எங்க விசாரிப்பான்? பஞ்சர் கடையிலதான. வண்டிக்குக் காத்து அடிக்கிற மாதிரி வந்து, “இந்த ஆவுடையப்பன் குடும்பம் எப்படி?”ம்பான். “பிள்ளை தங்கம். தகப்பனுக்குத்தான் கொஞ்சம் கோட்டி. பரம்பரையா என்னன்னு தெரியல”ன்னு நான் உள்ளதச் சொல்லுவேன். ரெண்டு எடம் வந்துது. ரெண்டும் என் கடையோட திரும்பிப் போச்சு. நம்மகிட்ட நம்பிக் கேக்கான், பொய்யா சொல்ல முடியும்னு அன்னைக்கு நெனச்சேன். பெரிய அரிச்சந்திரன் நானு!

போன தை மாசம் அந்தப் பிள்ளை ஸ்கூட்டியத் தள்ளிக்கிட்டு வந்துது. பின் சக்கரம் பஞ்சர்னுது. பாத்தா பஞ்சரே இல்ல, காத்தைப் பிடுங்கி விட்டு வந்திருக்கு. நான் டியூப்பைக் கழட்டுதேன், பக்கத்துல உக்காந்து, “மாமா, செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையோட மாமா விசாரிக்க வாராவ. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு மாமா. எங்க கடைக்கு மாத்திரை வாங்க வந்து பழக்கம். நீங்க எங்களப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்”னுது. இருபத்தொம்பது வயசுப் பிள்ளை சார். அழல. அழுதிருந்தா நல்லாருந்திருக்கும். நான் தலையத் தூக்காமலே சரின்னேன்.

செவ்வாய்க்கிழமை அந்த மாமா பேத்திப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாவ. கொம்பையான்னு பேரு, சங்கரன்கோயில் பக்கம். பெரிய மீசை, ஆனா பூனை மாதிரி பேச்சு. ஆவுடையப்பனப் பத்திக் கேட்டாவ. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்பானரைத் தொடச்சேன். ஒரு ஸ்பானர் தொடச்சேன், ரெண்டு ஸ்பானர் தொடச்சேன். மூணாவதுல வாய் திறந்துட்டு சார். மூணு வருசமா சாமிகிட்ட வந்து பெருச்சாளி எப்படி இருக்குன்னு கேக்குத மனுசன், கல்லுகிட்ட நலம் விசாரிச்ச மனுசன், எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டேன். சொல்லி முடிச்ச உடனே தெரிஞ்சு போச்சு, மூணாவது எடத்தையும் நானே கொன்னுட்டேன்னு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துது.

கொம்பையா மீசையத் தடவிக்கிட்டே யோசிச்சாவ. பிறவு, “பையன் ஒத்தக் கால்ல நிக்கான். நீங்க இப்படிச் சொல்லுதிய. எதுக்கு வம்பு, சாமிகிட்டயே கேட்டிருவோம். இந்தப் பிள்ளையார் சக்தியுள்ளவருன்னு பஸ்ல வரப்பவே சொன்னாவ. பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா தாலி, செவப்பு வந்தா நாங்க கிளம்புதோம்”னாவ.

பூக்கட்டிப் பாக்கிறது தெரியும்லா? வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம். வாழை இலையில ஒண்ணு போல மடிச்சுச் சாமி முன்னால போட்டு, சின்னப் பிள்ளைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுதது. அரை மணி நேரத்துல தெருவே கூடிட்டு. செண்பகம் எதுத்தாப்ல அவங்க வீட்டுக் கதவுப் பக்கத்துல நிக்கு. ஆவுடையப்பன் அண்ணாச்சியும் வந்தாரு. கையக் கட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னாரு. சத்தம் போடுவாரு, ஏதாவது கேப்பாருன்னு எல்லாரும் பாக்காவ. அவரு மகளையே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த மனுசன் மூஞ்சியில பயத்த நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

பூசாரி நான்தான. கொட்டகைக்குப் பின்னால போயி உக்காந்தேன். இந்தக் கையில வெள்ளைப் பிச்சிப் பூ, இந்தக் கையில செவ்வரளி. முதல் பொட்டணத்துல பிச்சிய வச்சு மடிச்சேன். ரெண்டாவது இலையில அரளிய வைக்கப் போறேன், கை போக மாட்டேங்கு. இங்க இருந்து பாத்தா கல்லோட முதுகு தெரியுது. முன்பக்கம்தான் சந்தனம், குங்குமம், வெள்ளி அங்கி எல்லாம். முதுகுல இன்னும் எங்க வீட்டுப் பாசி ஒட்டியிருக்கு, சோப்பு நுரை காஞ்ச கறை இருக்கு. என் கல்லு சார். புஷ்பம் மேல காலை வச்சு என் கைலியத் துவைச்ச கல்லு. அது இப்ப ஒரு பிள்ளையோட வாழ்க்கையச் சொல்லப் போகுது. செவப்புன்னு சொல்லிட்டா? அந்தக் கல்லுக்குச் செண்பகத்தைப் பத்தி என்ன தெரியும்?

அரளியத் தூக்கி டூல்ஸ் டப்பாவுக்குள்ள போட்டு மூடினேன். ரெண்டாவது இலையிலயும் பிச்சியவே வச்சு மடிச்சேன்.

சாமிய ஏமாத்தணும்னு செய்யல சார். சாமிக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிக் குடுத்தேன், அம்புட்டுத்தான்.

கொம்பையா பேத்திப் பிள்ளை ஒண்ணு எடுத்துது. பிரிச்சா வெள்ளை. பொம்பளைங்க எல்லாம் குலவை போட்ட சத்தத்துல ரேசன் கடை எடை மிசினே ஆடியிருக்கும். செண்பகம் உள்ள ஓடிட்டு. கொம்பையா கண்ணுல தண்ணி, “சாமியே சொன்ன பிறவு கோட்டியாவது ஒண்ணாவது”ன்னு ஆவுடையப்பன் அண்ணாச்சியக் கட்டிப் பிடிச்சாவ. எல்லாரும் காப்பி குடிக்க அவரு வீட்டுக்குப் போனாவ. அவரு மட்டும் போகல.

நெலம் அளந்த கை சார், சும்மா இருக்குமா? எடுக்காத பொட்டணம் சாமி முன்னால கிடக்கு. குனிஞ்சு எடுத்தாரு. பிரிச்சாரு. பாத்தாரு. பிறவு என்னைப் பாத்தாரு.

செத்தோம்னு நெனச்சேன். மூணு வருசமா இந்த மனுசன் சொன்னத ஒருத்தன் நம்பல. இப்ப கையில அத்தாட்சி. எதுத்த வீட்ல தெருவே கூடி இருக்கு. ஒரு சத்தம் குடுத்தாப் போதும், சொள்ளமுத்து திருட்டுப் பூசாரி, கல்லு வெறும் கல்லு, ஆவுடையப்பன் சொன்னது அம்புட்டும் நெசம். பிள்ளை கல்யாணமும் அத்தோட போச்சு. வாழ்நாள் பூரா உள்ளத உள்ளபடி சொன்ன மனுசன், வாயத் திறந்தாரு, மூடினாரு. பொட்டணத்தை முன்ன மாதிரியே மடிச்சு இடுப்புல சொருகினாரு. தட்டுல இருந்த திருநீற எடுத்து நெத்தி நிறையப் பூசினாரு. பிறவு காதைப் பிடிச்சுக்கிட்டு தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சாரு சார்! அறுபத்திநாலு வயசு, முழங்கால்ல வலி வேற. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு போட்டாரு. கண்ணுல இருந்து தண்ணி ஒழுகுது, முழங்கால் வலியா என்னன்னு எனக்குத் தெரியாது.

எதுத்த வீட்டு வாசல்ல இருந்து ஒரு பொம்பள பாத்துட்டா. “ஏ, வாங்களேன்! ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குத் தெளிஞ்சு போச்சு!”

தெருவே ஓடி வந்து பாக்கு. ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிடுதான். பிள்ளையார் செஞ்ச ரெண்டாவது அற்புதம்னு அன்னைக்கே கொட்டகை போர்டுல எழுதிட்டாவ.

மறுநாள் காலையில பேப்பர் வாங்க வந்தாரு. நான் காத்துக்கிட்டே இருக்கேன், பெருச்சாளி எப்படின்னு கேப்பாருன்னு. “பூஜை ஆயிட்டா சொள்ளமுத்து?”ன்னு கேட்டுட்டு, செருப்பைக் கழட்டி, கும்பிட்டுட்டுப் போனாரு. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். எனக்கு என்னமோ ஆயிட்டு சார். மூணு வருசம் அவரு சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் வந்துது. அவரு நிறுத்தின பிறவு பூஜை பண்ணக் கை வரல. அது கல்லுன்னு அவரு ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருந்த வரைக்கும் நான் தைரியமா சாமின்னு சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். இப்ப கல்லுன்னு சொல்ல ஊர்ல ஆள் இல்ல. நான் ஒருத்தன்தான் மிச்சம்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பாத்து அவரு வீட்டுக்கே போனேன். “அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். அது எங்க வீட்டு ஓட்டைக் கல்லுதான? ஒருக்கா சொல்லுங்க, நான் போயிருதேன்”னேன். அவரு கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கிட்டிருந்தாரு. மேல கொட்டை எழுத்துல, ‘வரிசைப் பிள்ளையார் துணை’ன்னு போட்டிருக்கு. என்னை நிமிந்து பாத்து, “சாமிய அப்படிச் சொல்லப்பிடாதுவே. உமக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?”ன்னாரு. மக கல்யாணம் முடியுத வரைக்கும் அப்படித்தான் பேசுவாருன்னு எனக்கும் தெரியாதா? ஆனா கண்ணைப் பாத்தேன் சார். அங்க சிரிப்பே இல்ல. பழைய ஆவுடையப்பன் அங்க இல்ல.

நான் என்ன செய்வேன்? வீட்டுக்கு வந்து புஷ்பத்துகிட்ட, “அது கல்லுதான்டி, வெறும் கல்லு”ன்னு கத்திட்டேன். பூப் பொட்டண விசயம் மட்டும் சொல்லல. அத மட்டும் என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன், பதினாறாம் தேதி தாலி ஏறுத வரைக்கும். மறுநாள் ஆவுடையப்பன் அண்ணாச்சியே வந்து, “சொள்ளமுத்துக்கு நல்ல டாக்டரா ஒருத்தர் இருக்காரும்மா”ன்னு புஷ்பத்துகிட்ட விலாசம் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. கேட்டியளா? அவரு குடுத்த விலாசத்துக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்.

டாக்டர் கேப்பாரு, “அது சாமியா, கல்லா?”ன்னு. கல்லுன்னா மாத்திரை. சாமின்னா வீட்டுக்கு அனுப்பிருவாரு. கல்லுன்னு சொன்னா, ஏன் சொல்லுதிய, எப்பத்துல இருந்து சொல்லுதியன்னு தோண்டுவாரு. தோண்டுனா நான் உளறிருவேன், என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். அதனால சாமின்னே சொல்லிரலாம்னு இருக்கேன். அந்தப் பிள்ளை நல்லாருக்கட்டும். நீங்க சொல்லுங்க சார், நீங்க படிச்ச ஆளு மாதிரி தெரியுது, மூணாம் மனுசன் வேற. நான் சொன்னதுல எங்கயாவது கோட்டித்தனம் இருக்கா?

என்ன சார், பையில பேனாவத் தேடுதிய?

என்னது?

எந்த பஸ்ஸு ஏறணுமா? எங்க வர்றதுக்கு? சார், நான் இம்புட்டு நேரம் என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்? கல்லு சார் அது! ஓட்டைக் கல்லு! ரெண்டு பொட்டணத்துலயும் நானே...

எத்தன வருசமாப் பாக்கிய? ஆறு வருசமா... வந்த எடமெல்லாம் தட்டித் தட்டிப் போகுதா. பிள்ளைக்கு என்ன வயசு? ஐயோ பாவமே. அழாதிய சார், பஸ்ல எல்லாரும் பாக்காவ. புஷ்பம் வேற திரும்பிப் பாக்கா, நான்தான் உங்கள என்னமோ பண்ணிட்டேன்னு நெனப்பா.

சரி, கேட்டுக்கிடுங்க. ஆலங்குளத்துல எறங்கி மருதன்குளம் மினி பஸ் ஏறுங்க. ரேசன் கடை ஸ்டாப்புன்னு சொல்லுங்க. கல்யாணம் முடியட்டும், அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.

பூவெல்லாம் நீங்க வாங்கிட்டு வர வேண்டாம் சார். நானே கட்டி வைக்கேன்.